மாதக் கடைசியில் வண்டி ஓடாது

வீடு மாற்றிக் கொடுக்கும் லாரிக் கம்பெனிக்காரர்கள் மாதக் கடைசி நாளில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? ஊரில் பாதிப் பேர் வீடு மாறுவதே அன்றைக்குத்தான். பழைய வீட்டில் வாடகை நாள் முடிவதும் அன்றைக்கு, புது வீட்டுச் சாவி கைக்கு வருவதும் அன்றைக்கு. அன்றைக்குப் பார்த்து விடுமுறை விடுகிறவர்களை என்னவென்று சொல்வது? ஆனால் டேப்பக்காவின் குடோன் கதவில் இருபத்தேழு வருடமாக ஒரு பலகை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 'மாதக் கடைசி நாள் வண்டி ஓடாது.' எழுத்து கோணல்மாணல். மேலே இரண்டு முறை பெயிண்ட் ஏற்றியாகிவிட்டது. அதைப் படித்துவிட்டுத் திட்டிக்கொண்டே போகிறவர்களுக்கும் இன்றுவரை குறைவில்லை.

டேப்பக்கா என்பது ஊர் வைத்த பெயர். இடுப்பில் எந்நேரமும் ஒரு அளவு டேப் செருகியிருக்கும். யார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் அவள் கண் முதலில் வாசல் கதவைத்தான் அளக்கும். "இவ்ளோ பெரிய பீரோவை எந்த வழியா உள்ள கொண்டு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சௌக்கியம் விசாரிப்பாள். வயது ஐம்பத்து மூன்று. இரண்டு லாரி, ஆறு ஆட்கள், ஒரு போன், ஒரு நீள நோட்டு. வீடு மாற்ற யார் போன் செய்தாலும், எத்தனை சாமான், எத்தனையாவது மாடி என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு கடைசியாக ஒரு கேள்வி கேட்பாள்.

"அங்க போய் இறங்கினதும் முதல்ல எது கையில வேணும்?"

கேட்கிறவர்கள் ஒரு நிமிடம் திகைத்துப் போவார்கள். பிறகு யோசித்துச் சொல்வார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அது அவளுடைய கேள்வி அல்ல, அவள் அம்மாவுடையது. அந்தப் பலகைக்கும் அந்தக் கேள்விக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

அவள் சிறுமியாக இருந்தபோது குடோனுக்கு மேலேயே குடித்தனம். வெளிப்பக்கமாக ஒரு இரும்புப் படி ஏறினால் இரண்டு அறை. கீழே லாரி கிளம்பினால் மேலே அலமாரியில் டம்ளர்கள் கிலுகிலுக்கும். டம்ளர் சத்தத்தை வைத்தே பெரிய வண்டியா சின்ன வண்டியா என்று அம்மா சொல்லிவிடுவாள். அந்த அறையில் இரண்டு நாற்காலி ஒரே மாதிரி இருந்ததே இல்லை. வாடிக்கையாளர்கள் "இது வேணாம், நீங்களே எடுத்துக்கோங்க" என்று விட்டுப்போனவைதான் அந்த வீட்டில் எல்லாமே. ஒன்று பிரம்பு, ஒன்று இரும்பு மடக்கு, ஒன்று பள்ளிக்கூட பெஞ்சின் பாதி. ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். மேசைக்கு மட்டும் ஒரு கௌரவம் இருந்தது. அதன் மேல்தான் போன்.

வண்டியும் லோடும் அப்பா பாடு. அம்மாவின் உலகம் அந்தப் போன். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் நோட்டும் பேனாவுமாக அங்கேயேதான். லாரியில் முதலில் ஏற்றுகிற சாமான் உள்ளே போய் டிரைவர் பக்கத்துத் தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஏற்றுவதுதான் முதலில் இறங்கும். இது லாரியில் ஏறின எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை வைத்து ஒரு வழக்கத்தை உண்டாக்கினது அம்மாதான். புது வீட்டில் காலை வைத்ததும் அவர்களுக்கு என்ன வேண்டுமோ, அதை ஒரு பெட்டியில் போட்டு, சிவப்புக் கயிறு கட்டி, எல்லாம் ஏறின பிறகு கடைசியாக ஏற்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். சிவப்புக் கயிறு இறங்காமல் ஒரு கரண்டிகூட இறங்கக் கூடாது.

என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? கெட்டில் என்றவர்கள் பாதிப் பேர். ஒரு குழந்தையின் தலையணை. ஒரு தையல்காரருக்குக் கத்தரி. புதிதாகக் கல்யாணம் ஆன ஒருத்தி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கதவுக்குப் பூட்டு என்றாள். மனைவியை இழந்த ஒரு பெரியவர், "ஒண்ணும் வேணாம்மா" என்று போனை வைத்துவிட்டு, அரை மணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, அவளுடைய கண்ணாடி என்றார். அம்மா அதை எழுதும்போது பேனாவை அழுத்தி எழுதினாள். எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளுக்கு இன்றும் அந்த அழுத்தின நீல எழுத்து கண்ணில் நிற்கிறது.

அந்த மகள் பிறந்ததோ ஒரு முப்பத்தொன்றாம் தேதி. விதி விளையாடுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை. பிறந்த செய்தி கேட்டபோது அப்பா ஒரு கட்டிலை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தாராம். "சரி, இறக்கிட்டு வரேன்" என்றாராம். அதற்குப் பிறகு எந்த வருடமும் அவளுக்குப் பிறந்தநாள் அன்றைக்கு வந்ததில்லை. ஐந்தாம் தேதிக்குத்தான் வரும். மாதக் கடைசி நெருக்கடி முடிந்து, அப்பா குளித்துத் தூங்கி எழுந்து மனிதராக ஆவது அன்றைக்குத்தான். "காத்துள்ள போதே தூத்திக்கணும்" என்பார் அப்பா. இருபத்தெட்டிலிருந்து ஒன்று வரை அவருக்குக் காற்று. அந்த நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்தால் டீயைக்கூட நின்றுகொண்டே குடிப்பார். சொல்லப்போனால் மற்ற நாளிலும் அப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராதாம்.

பத்து வயதிலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். என்ன ஆனாலும் லாரித் தொழில் மட்டும் வேண்டாம். அவளுக்குக் கோடு போட வரும், கணக்குப் பார்க்காமலே நீள அகலம் சொல்ல வரும். வரைபடம் படித்தாள். வேறு ஊரில் சர்வே ஆபீஸில் வேலை கிடைத்தது. ஜன்னல் ஓரத்தில் சாய்வு மேசை, கூரான பென்சில், ஐந்து மணிக்கு வீடு. மாதக் கடைசி என்றால் அங்கே யாருக்கும் ஒரு பதற்றமும் இல்லை. என்ன சுகம் தெரியுமா அது? முதல் முப்பத்தொன்றாம் தேதி அவள் தனக்குத்தானே ஒரு கேக் வாங்கித் தின்றாள்.

இரண்டு வருடம் ஆவதற்குள் அப்பா ஒரு பீரோவோடு படியில் சறுக்கினார். ஆனைக்கும் அடி சறுக்கும். முதுகில் ஒரு எலும்பு நகர்ந்துவிட்டது, மூன்று மாதம் அசையக் கூடாது என்றார்கள். அண்ணன் ஒருவன் இருந்தான், கடல் தாண்டிப் போனவன், "பார்த்துக்கோ" என்று போனில் சொன்னான். அவனும் வேறு என்ன செய்வான். இவள் ஆபீஸில் மூன்று மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து இரும்புப் படி ஏறினாள்.

"மூணே மாசம்தான்" என்றாள்.

"யாரு இப்ப முப்பது வருஷம்னு சொன்னா?" என்றாள் அம்மா, போனைக் கையில் பொத்திக்கொண்டு.

லாரியில் தலைமை ஆள் மெதுவா மாமா. சாமான் ஏற்றும்போது நிமிடத்துக்கு நாலு தடவை "மெதுவா, மெதுவா" என்று சொல்வதால் அந்தப் பெயர். அவரே வண்டியும் ஓட்டுவார், அதையும் மெதுவாகத்தான். முதல் நாள் அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிக்குள் ஏறினபோது, "பாப்பா, கீழ நின்னு பாரு, போதும்" என்றார். ஒரு மேசையை எப்படி வைத்தாலும் இடம் போதவில்லை. அவள் அதைக் கவிழ்த்துப் போடச் சொன்னாள். நான்கு கால்களுக்கு நடுவே மெத்தையைச் சுருட்டிச் செருகி, அதற்குள்ளே கண்ணாடிச் சாமான்களை வைக்கச் சொன்னாள். இரண்டு தடவையில் போக வேண்டிய வீடு ஒரே தடவையில் போனது.

"நீ காகிதத்துல கோடு போட்டு வீணாப் போயிட்டே, பாப்பா" என்றார் மாமா.

இங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. அவளுக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. பிடிக்கக் கூடாது என்று பதினாறு வருடம் காப்பாற்றி வைத்திருந்த வைராக்கியம் பதினாறு நாளில் போய்விட்டது. ஒரு வீட்டுச் சாமானெல்லாம் ஒரு தார்ப்பாய்க்குள் அடங்கி, கயிறு இறுகி, மாமா தகரத்தில் இரண்டு தட்டு தட்டும்போது, சாய்வு மேசையில் ஒருநாளும் வராத ஒரு நிறைவு வந்தது. மூன்று மாதம் ஆறானது. அப்பா எழுந்து நடமாடினார், ஆனால் தூக்க முடியாது. ஆறு மாதம் பதினொன்றானது. ஆபீஸ்காரர்கள் பொறுமைசாலிகள்தான், ஆனாலும் கடைசியாக ஒரு கடிதம் போட்டார்கள். இன்னும் இரண்டு மாதத்தில், ஒன்றாம் தேதி காலை வந்து கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு. இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அவள் அந்தக் கடிதத்தை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு சுற்றினாள். வேலையைப் பிடித்திருக்கிறது. ஆனால் அப்பா வாழ்ந்த மாதிரி வாழப் பிடிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா இருபத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வீடு கிடைத்தது. நாலு தெரு தள்ளி, தரைத்தளத்தில், மூன்று அறை. அம்மாவுக்கு இழுப்பு உண்டு. குடோன் தூசியும் லாரிப் புகையும் ஆகவில்லை. புது வீட்டில் மேற்கே பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, போனில் பேசும்போதுகூடச் சிரித்துக்கொண்டே பேசினாள்.

சாவி தருகிற நாள் எது என்று சொல்ல வேண்டுமா? மாதக் கடைசிதான்.

"நம்ம வீட்டுக்குன்னு தனியா ஒரு நாள் எதுக்கு? ரெண்டு லோடுக்கு நடுவுல போட்டுக்கலாம்" என்றார் அப்பா. சின்ன லாரி வேறு பட்டறையில் கிடந்தது. காலை எட்டு மணிக்குச் சொந்த வீட்டுச் சாமானை முப்பது நிமிடத்தில் அள்ளிப் பெரிய லாரியில் போட்டார்கள். அள்ளிப் போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஊரார் வீட்டு ஊறுகாய் ஜாடிக்குக்கூடத் துணி சுற்றுகிறவர்கள், தங்கள் வீட்டுப் பெட்டிமேல் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. அப்பாவின் திட்டம் இதுதான். நம் சாமான் உள்ளே ஒட்டி இருக்கட்டும். அதன் மேலும் பின்னாலும் வாடிக்கையாளர் சாமானை ஏற்றிக்கொள்வோம். முதலில் அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் நம்முடையது. சாமர்த்தியமான திட்டம், யார் இல்லை என்றது.

போன் மேசை இழுப்பறையை மகள்தான் கட்டினாள். அதில் அம்மாவின் மூச்சு மருந்து இருந்தது, வாயில் வைத்து அழுத்துகிற பம்ப். முக்கியமான சாமான், தொலையக் கூடாது என்று அதை முதல் பெட்டியில் பத்திரமாக வைத்து, முதல் சாமானாக ஏற்றினாள். முதலில் ஏறினால் கடைசியில்தான் இறங்கும் என்பது ஊரிலேயே அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களே செய்த தப்பு இது. அம்மாவோ எட்டரை மணி வரை போனில் யாரோ ஒருத்தியிடம், "இறங்கினதும் முதல்ல எது வேணும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை மூடி மகளிடம் கொடுத்துவிட்டு, புது வீட்டுச் சாவியை வாங்க நடந்தே போனாள். கையில் ஒரு துடைப்பம் மட்டும்.

"பன்னெண்டுக்குள்ள வந்துடுவோம்" என்றார் அப்பா.

வாடிக்கையாளருக்கு நாலாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. திருப்பத்தில் அலமாரி சிக்கிக்கொண்டது, கதவைக் கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று. மணி இரண்டு. மகள் லாரிக்குள் நின்று பார்த்தாள். உள்ளே தகரத்தோடு ஒட்டி, அந்தப் பிரம்பு நாற்காலியின் ஒரு கால் தெரிந்தது.

"அப்பா, அம்மா அங்க தனியா இருக்காங்க. காலையிலேருந்து."

"அம்மாதானே. புரிஞ்சுக்குவா" என்றார் அப்பா.

இந்த 'அம்மாதானே' என்ற ஒரு வார்த்தை எத்தனை வீட்டில் எத்தனை காரியத்தைக் கெடுத்திருக்கிறது என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதலாம். அவளும் அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் அடுத்த பெட்டியைத் தூக்கினாள். அதற்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

ஐந்து மணிக்குப் புது வீட்டு வாசலில் லாரி நின்றபோது யாரும் வெளியே வரவில்லை. அம்மா மூன்று அறையையும் பெருக்கியிருந்தாள். பூட்டிக் கிடந்த வீட்டுத் தூசி. ஜன்னலுக்குக் கீழே தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நிறம் மாறியிருந்தது. மகள் லாரிக்கு ஓடினாள். ஓடி என்ன? பெயரெழுதாத முப்பது பெட்டி. பதற்றத்தில் எது என்று அவளுக்கு நினைவு வரவில்லை. மெதுவா மாமா ஜன்மத்தில் முதல் தடவையாகப் பெட்டிகளை வீசி எறிந்தார். பம்ப் தகரத்தோடு ஒட்டின கடைசிப் பெட்டியில் இருந்தது. அதற்குள் அப்பா அம்மாவை, நகர்ந்த முதுகோடு, தானே தூக்கி வந்து வண்டியின் முன்சீட்டில் வைத்துவிட்டார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். பயப்பட வேண்டாம். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், மூச்சு கொஞ்சம் அடங்கின பிறகு, மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரை அம்மா அந்தக் கேள்வி கேட்டிருப்பாள். அம்மாவை யாராவது கேட்டார்களா? நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, போனில் பேசுகிற குரலிலேயே கேட்டாள்.

"அம்மா, அங்க போய் இறங்கினதும் முதல்ல எது கையில வேணும்?"

அம்மா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டு நாற்காலி. ஒரே மாதிரி ரெண்டு. ஜன்னல்கிட்ட போடணும்."

"ரெண்டாவது யாருக்கும்மா?"

"யாருக்குன்னா? உங்க அப்பாவுக்குத்தான். கல்யாணம் ஆன நாளா அந்த மனுஷன் என் பக்கத்துல உக்காந்து நான் பார்த்ததில்லடி. வர்றார், நின்னுக்கிட்டே டீ குடிக்கிறார், போறார். மாசத்துல ஒரு நாள் போதும். அதுக்கு மேல நான் ஆசைப்படல."

மகள் எழுதினாள். அம்மா எழுதுகிற மாதிரியே பேனாவை அழுத்தி, அந்த மாதக் கடைசித் தேதிப் பக்கத்தில், ஏற்கெனவே இருந்த மூன்று ஆர்டருக்கும் மேலே, முதல் வரியில் எழுதினாள். 'அம்மா. இரண்டு நாற்காலி, ஒரே மாதிரி. ஜன்னலுக்குப் பக்கத்தில். இரண்டாவது அப்பாவுக்கு.' எழுதிவிட்டு வராந்தாவுக்குப் போனாள். அப்பா நின்றுகொண்டிருந்தார், வேறெப்படி இருப்பார்.

"அப்பா, நான் இந்தத் தொழில்ல சேர்ந்துக்குறேன். லீவுல வந்தவளா இல்ல, நிரந்தரமா. ஆனா ஒண்ணு. மாசக் கடைசி நாள் வண்டி ஓடக் கூடாது. அது அம்மாவோட நாள். முடியாதுன்னா நான் ஒண்ணாம் தேதி ஆபீசுக்குக் கிளம்பிடுவேன்."

"வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கச் சொல்றியா?"

"ஆமாப்பா."

அப்பா பதில் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்கவும் சொல்லவில்லை. நோட்டைத் தினமும் பார்த்தார். எல்லாப் பக்கமும் திருப்பினார். அந்தக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால் கொஞ்ச நேரம் நின்று, மூடிவிடுவார். முப்பதாம் தேதி சாயங்காலம்கூட ஒரு வார்த்தை இல்லை. மகள் பெட்டி கட்டிவிட்டாள். அம்மா அதைப் பார்த்தாள்.

மாதக் கடைசி நாள் காலையில் குடோன் பக்கம் லாரி கிளம்பும் சத்தம் நாலு தெரு தாண்டிக் கேட்டது. பெரிய வண்டி. சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். அப்பாமேல் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இன்னும் ஒழுங்காக உட்கார ஒரு இடம் இல்லை.

பத்து மணிக்கு லாரி அவர்கள் வாசலில் வந்து நின்றது.

தார்ப்பாய் போட்டு முழு லோடுக்குக் கட்டுகிற மாதிரி கயிறு கட்டியிருந்தது. மாமா கயிற்றை அவிழ்த்தார், பின்கதவை இறக்கினார். அவ்வளவு பெரிய லாரி, உள்ளே காலி. நட்ட நடுவில், துணி சுற்றி, சிவப்புக் கயிறு கட்டி, இரண்டு நாற்காலி. ஒரே மாதிரி. தேக்கு நிறம், கைப்பிடி வைத்தது, மெத்தை போட்டது. அந்தக் குடும்பத்துக்குள் அடுத்தவர் கழித்துவிடாமல் வந்த முதல் சாமான் அது.

"மெதுவா, மெதுவா" என்றார் மாமா, தானே தூக்கிக்கொண்டு தனக்கே சொல்லிக்கொண்டு.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரியே அம்மாவிடம் பேசினார். அவருக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது.

"சாமான் வந்திருக்கு. எங்க இறக்கலாம்?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "அந்த ஜன்னல்கிட்ட" என்றாள்.

போட்டார்கள். அப்பா ஒரு நாற்காலியின் காலைக் கொஞ்சம் நகர்த்திச் சரி செய்தார். பிறகு, "வேற ஏதாவது வேணுமா?" என்றார்.

"நீங்க உக்காருங்க" என்றாள் அம்மா.

அப்பா உட்கார்ந்தார். டாக்டரிடம் காத்திருக்கிறவர் மாதிரி நுனியில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முட்டியில் வைத்தார், பிறகு கைப்பிடியில் வைத்தார். மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். கிளாஸ் கைக்கு வந்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தார். வாசலில் நின்ற மெதுவா மாமா சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்த மூன்று ஆர்டர் என்னவாயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. தெருமுனையில் வண்டி நிறுத்துகிற இடத்துச் சண்டையில் ஏழு வருடமாக அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாத சிவப்பு லாரிக்காரரிடம் அப்பா நடந்தே போயிருக்கிறார். "மூணு வீடு இருக்கு, எடுத்துக்கோ. இனிமே மாசக் கடைசியில எங்கிட்ட வர்றது எல்லாம் உனக்குத்தான்" என்றிருக்கிறார். அந்த மனிதர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே, என்ன விஷயம்?" என்று கேட்டாராம். அப்பா, "வீட்டுல ஒரு ஆர்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு பலகையை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். அதனால்தான் அந்தக் கோணல்.

மகள் அன்றைக்குச் சாயங்காலம் ஜன்னல் கட்டையில் வைத்து ஆபீசுக்குப் பதில் எழுதினாள். வரமாட்டேன் என்ற அந்தக் கடிதத்துக்குப் பதிலாக ஆபீசிலிருந்து அவளுடைய பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு குமாஸ்தா நேரில் வந்தார். வந்தவரே அவளுக்கு வீட்டுக்காரராக ஆகிவிட்டார், அது தனிக் கதை. தானும் மூன்று மாத லீவில் வந்தவன்தான் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்.

பிறந்தநாளும் ஐந்தாம் தேதியிலிருந்து முப்பத்தொன்றுக்குத் திரும்பி வந்தது. தொழில் நொடித்துப் போகும் என்று ஊர் சொன்னது. போகவில்லை. கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தாள். மாதத்துக்கு ஒரு நாள், மேற்கு ஜன்னலில் வெயில் சாய்கிற வரைக்கும், இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். என்ன பேசுவார்கள்? யார் வீட்டு பீரோ எந்தப் படியில் சிக்கியது என்பதுதான். சில நாள் ஒன்றுமே பேசமாட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போது மகள் சத்தம் போடாமல் நடப்பாள்.

அம்மா போன பிறகு வந்த முதல் மாதக் கடைசியில், மகளுக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்த ஜன்னலைப் பார்க்க முடியவில்லை. காலையிலேயே குடோனைத் திறந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இனி யாருக்காக மூடுவது? ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. பழைய வாடிக்கையாளர். அவசரம், இன்றைக்கே வீடு மாற்ற வேண்டும், எப்படியாவது வண்டி அனுப்புங்கள் என்று கெஞ்சினார். அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நாலு தெரு நடந்து வந்ததில் மேல்மூச்சு வாங்கியது. பலகையை ஒருமுறை பார்த்தார், அவளைப் பார்த்தார். உள்ளே வந்து அவள் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு வண்டி வராதுங்க. எங்க வீட்டம்மாவோட ஆர்டர் ஒண்ணு முன்னாடியே இருக்கு" என்றார்.

அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு அம்மா போன விஷயம் தெரியும் போலிருக்கிறது. மேலே கெஞ்சாமல் போனை வைத்துவிட்டார். அப்பா சிவப்பு லாரிக்காரருக்குச் சொல்லி அந்த வீட்டுக்கு ஏற்பாடு செய்தார். குடோனைப் பூட்டிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே நடந்தார்.

வீட்டுக்குள் போனதும் அப்பா ஜன்னலுக்குப் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியின் மெத்தையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார், தூசியைத் தட்டுகிற மாதிரி. அதில் அம்மாவைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. அவள் கதவுப் பக்கத்திலேயே நின்றாள்.

"நிக்காதேம்மா" என்றார் அப்பா. "நானும் அப்படித்தான் நின்னேன். வந்து உக்காரு."

அவள் இடுப்பிலிருந்த டேப்பைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.